மூன்றாம் மடையில் இருபது புளியங்கொட்டைகள்

மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே உள்ள அந்த ஊரின் ஏரிக்கு மூன்று மடைகள். முதல் இரண்டும் மேட்டு மடைகள். மூன்றாவது பள்ள மடை. ஏரியில் தண்ணீர் கீழே இறங்கி மற்ற இரண்டும் வற்றிய பிறகும் அதில் மட்டும் கொஞ்ச நாள் ஓடும். அதை நம்பி ஏழு வீடுகள், பதினோரு ஏக்கர்.

அந்தப் பதினோரு ஏக்கரில் யாரும் தனியாக முடிவெடுக்க முடியாது. மேல் வயல்காரர் நெல் நட்டுத் தண்ணீர் கட்டினால், அது வரப்புக்கு அடியில் கசிந்து கீழ் வயலை நனைத்துக்கொண்டே இருக்கும். கீழே கேப்பையோ உளுந்தோ போட்டவருக்கு வேர் அழுகிவிடும். அதனால் மேலே நெல் என்றால் கடைசி வரைக்கும் நெல்தான். மேல் வயல் பெரியதம்பியுடையது. எல்லாருக்கும் கீழே, கடைசியில் கிடந்த ஒண்ணேகால் ஏக்கர், அவருடைய சித்தப்பா மகன் சீனுவாசனின் மனைவி பாஞ்சாலி பார்த்துவந்த நிலம்.

பாஞ்சாலி 1993இல் அந்த ஊருக்கு மருமகளாக வந்தாள். அந்த ஐப்பசியில், பிடுங்கத் தயாராக இருந்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, பிடுங்க விடாமல் மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டு ஒரு செடியை இழுத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு காயின் வாயிலிருந்தும் வெள்ளையாக ஒரு முளை எட்டிப் பார்த்தது. வீட்டில் எல்லாரும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். புதுப்பெண் மட்டும் அந்தச் செடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இத்தனை மழையும் எங்கிருந்து கிளம்பியது, கிளம்பும்போதே யாருக்காவது தெரிந்திருக்குமா என்று அவளுக்குத் தோன்றியது. கேட்க ஆளில்லை.

அன்று முதல் மழை பெய்த மறுநாள் காலையில் வாசல் உரலில் எத்தனை விரல் தண்ணீர் நிற்கிறது என்று பார்ப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. பார்த்ததைச் சுவரில் கரியால் கோடு போட்டு வைப்பாள். ஊரில் சிரித்தார்கள். வெள்ளையடிக்கும்போது அந்த ஓரத்தை மட்டும் விட்டுவிடச் சொல்வாள். சீனுவாசனும் ஒன்றும் கேட்காமல் விட்டுவிடுவார்.

தானே புயலுக்குப் பின்வந்த ஆண்டுகளில் ஒன்றில், புரட்டாசி பிறந்த கையோடு, வேளாண்மைத் துறையிலிருந்து தமிழ்ச்செல்வி என்ற அதிகாரி ஒரு தாளுடன் வந்தாள். ஏழு வீட்டாரும் அப்போதுதான் சம்பாவுக்கு நாற்று விட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்து மரத்தடியில் தமிழ்ச்செல்வி அந்தத் தாளைப் படித்தாள். வரும் மூன்று மாதத்தில் மழை குறைவாக இருக்க நூற்றுக்கு அறுபது வாய்ப்பு. வழக்கம்போல் இருக்க இருபத்தைந்து. கூடுதலாக இருக்க பதினைந்து.

பெரியதம்பி துண்டை உதறித் தோளில் போட்டார். "பெய்யுமா பெய்யாதா, ரெண்டுல ஒண்ண சொல்லும்மா. அறுபது பேர் வயல்ல காஞ்சிக்கினு, நாப்பது பேர் வயல்ல பெய்யுமா?"

கூட்டம் சிரித்தது. தமிழ்ச்செல்வி முகம் சிவந்து, வாய்ப்பு என்றால் என்னவென்று மறுபடி தொடங்கினாள். அதற்குள் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். பாஞ்சாலி எழவில்லை. எல்லாரும் போன பிறகு, இது எப்படித் தெரிகிறது என்று கேட்டாள்.

பூமியின் அந்தப் பக்கத்தில் ஒரு பெருங்கடல் இருக்கிறது, அதன் மேல் தண்ணீர் கொஞ்சம் சூடேறினாலும் கொஞ்சம் குளிர்ந்தாலும் இங்கே நம் மழை மாறுகிறது என்றாள் தமிழ்ச்செல்வி. எத்தனையோ வருஷத்துக் கணக்கை வைத்துப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறார்களாம்.

பாஞ்சாலிக்குத் தெரிந்த கடல் மரக்காணத்துக் கடல் ஒன்றுதான், அதுவும் ஒரே ஒரு முறை பார்த்தது. அதற்கே கரை தெரியவில்லை. அதற்கும் அப்பால், உலகத்தின் முதுகில் இன்னொரு கடல். அதன் சூடு இந்த ஏரியின் மடை வரைக்கும் வருகிறது. வீட்டுக்கு வந்து உரலைப் பார்த்தாள். உள்ளே ஒரு காய்ந்த வேப்பிலை கிடந்தது.

மூன்று நாள் யோசித்தாள். பிறகு தாயம் ஆடுவதற்குத் தேய்ப்பதுபோலப் புளியங்கொட்டைகளைக் கல்லில் தேய்த்தாள். மொத்தம் இருபது. பன்னிரண்டை இரண்டு பக்கமும் வெள்ளையாகத் தேய்த்தாள்; அவை குறைந்த மழை. ஐந்தை அப்படியே கறுப்பாக விட்டாள். அவை வழக்கமான மழை. மூன்றுக்கு, மயிலத்தில் காலேஜ் படிக்கும் மகள் கலைப்பிரியாவின் நெயில் பாலீஷை எடுத்துச் சிவப்புப் பூசினாள், அவை பெருமழை. எல்லாவற்றையும் ஒரு சொம்பில் போட்டு, ஏழு வீட்டாரையும் மடைக்கு வரச் சொன்னாள்.

"பாக்காம ஒண்ண எடுத்துட்டுத் திருப்பிப் போடுங்க மாமா" என்று முதலில் பெரியதம்பியிடம் நீட்டினாள்.

அவர் எடுத்தது சிவப்பு.

மடையே அதிரச் சிரித்தார்கள். "பாத்துக்க. வானம் என் கையிலயே சொல்லிட்டுது" என்றார் பெரியதம்பி.

பாஞ்சாலியும் சிரித்துவிட்டாள். சிவப்பு வராது என்று தான் சொல்லவே இல்லையே என்றாள். சொம்பு சுற்றியது. வெள்ளை, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. இரண்டாவது சுற்றிலும் வெள்ளைதான் அதிகம். மூன்றாவது சுற்றில் சிரிப்பு நின்றுபோனது. கை உள்ளே போகும்போதெல்லாம் எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஒரு தாளில் இருந்த கணக்கு, இப்போது ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் கிடந்தது.

"இந்த வருஷம் எந்தக் கொட்டைன்னு எனக்கும் தெரியாது, அந்த மேடத்துக்கும் தெரியாது" என்றாள் பாஞ்சாலி. "ஆனா பன்னெண்டு வெள்ளை இருக்கும்போது, பதினோரு ஏக்கரையும் மிச்சம் எட்டுக் கொட்டைய நம்பி உடலாமா? நீங்களே சொல்லுங்க."

அவள் சொன்ன யோசனை இது. மேலிருந்து ஆறு வீட்டு வயலிலும் கேப்பை. அதற்கு நாலைந்து முறை தண்ணீர் பாய்ச்சினால் போதும். நெல் ஓர் இடத்தில் மட்டும்: எல்லாத் தண்ணீரும் வந்து சேரும் கடைசி வயலில், அதாவது அவளுடையதில். கீழே நெல் நின்றால் மேலே இருப்பவருக்குக் கசிவு இல்லை. பெருமழை வந்தாலும் அந்தப் பள்ளத்தில் நெல்தான் தாங்கும். நடவும் களையும் ஏழு வீட்டாரும் சேர்ந்து செய்ய வேண்டும். விளையும் நெல்லும் கேப்பையும் ஏழு பங்கு.

மழை குறையும் என்று நம்பிய ஒரே ஆள், தண்ணீர் அதிகம் குடிக்கும் பயிரைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள் என்பது எல்லாருக்கும் புரியக் கொஞ்ச நேரமானது. பெரியதம்பிக்குத்தான் முதலில் புரிந்தது. "சரி, கேப்பையே போடுவோம்" என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். மீந்த நாற்றை மாடுகளுக்கு அறுத்துப் போட்டார்கள்.

அன்று வீட்டில் எண்ணியபோது கொட்டை பத்தொன்பதுதான் இருந்தது. ஒரு சிவப்பைக் காணோம்.

ஐப்பசி நடுவில் புயல் வந்தது. இரண்டு நாள் விடாத மழை. உரல் நிரம்பி வழிந்தது. பாஞ்சாலி விரல் வைத்துப் பார்க்கக்கூட இல்லை. ஏரி முக்கால் அளவுக்கு ஏறிவிட்டது. கேப்பைப் பயிர் தண்ணீருக்குள் தலை மட்டும் தெரிய நின்றது. மேட்டு மடைக்காரர்கள் கரையில் நின்று, புளியங்கொட்டை ஜோசியம் எப்படி என்று கேட்டுக்கொண்டு போனார்கள். ஆறு வீட்டுக்காரர்களும் வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். அவள் மண்வெட்டியோடு கிட்டப் போனபோது அடுத்த வரப்புக்கு நகர்ந்துவிட்டார்கள். இந்த மழை தொடர்ந்தால் நிரம்பிய ஏரியைப் பார்த்துக்கொண்டு ஏழு வீடும் வருஷம் முழுக்க அரிசிக்கு அலையும். அதற்கு அவள்தான் காரணம்.

சீனுவாசன் மட்டும், "அந்தத் தாளு மூணு மாசத்துக்குத்தான சொல்லிச்சி? இது ரெண்டு நாளு" என்றார்.

கார்த்திகை பிறந்தது. வானம் கழுவிவிட்டதுபோல் நீலமாக இருந்தது. ஒரு வாரம், இரண்டு வாரம். சுவரில் புதுக்கோடு விழவே இல்லை. வடித்த கேப்பை தலை தூக்கிக் கருகருவென்று வளர்ந்தது. மேட்டு மடைகளின் நெல்லுக்குத் தண்ணீர் பாய்ந்து பாய்ந்து ஏரி வேகமாக இறங்கியது. மார்கழியில் அந்த இரண்டு மடையும் நின்றன. கதிர் தள்ளும் நேரத்தில் நெல் வெளுத்தது. இரண்டு மடைக்காரர்களும் ஏரிக்குள் தண்ணீர் இறைக்கும் என்ஜினை இறக்குவது பற்றிச் சண்டை போட்டார்கள்.

பள்ள மடையில் மட்டும் முழங்கால் அளவு தண்ணீர் மிச்சம். அது ஒரு பாய்ச்சலுக்குத்தான் போதும். ஆறு வீட்டுக் கேப்பைக்கும் அது கடைசித் தண்ணீர். பாஞ்சாலியின் நெல்லுக்கோ அதுதான் உயிர். அந்த மடையில் தண்ணீர் எப்போதும் மேலிருந்து கீழாகத்தான் முறை வரும். பெரியதம்பி பாய்ச்சி, அடுத்தவர் பாய்ச்சி, கடைசியாக அவள். இந்த முறை அவள் வரைக்கும் ஒரு சொட்டும் வராது. முறையை மாற்றச் சொல்லிக் கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும். கேட்கவும் இல்லை.

மறுநாள் காலையில் வயலுக்குப் போனபோது கால்வாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மேலே உள்ள ஆறு வயல்களின் வாய்களும் மண் போட்டு மூடப்பட்டிருந்தன. தண்ணீர் எங்கும் திரும்பாமல், கால்வாயின் நீளம் முழுக்க நடந்து, நேரே அவள் வயலுக்குள் இறங்கியது.

மடைக்கருகில் பெரியதம்பி மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். "கேப்பை ஒரு தண்ணி கொறஞ்சா செத்துடாது" என்றார், அவளைப் பார்க்காமல். பிறகு இடுப்பு மடியிலிருந்து எதையோ எடுத்து அவள் கையில் வைத்தார். சிவப்புப் புளியங்கொட்டை. பாதிச் சாயம் போயிருந்தது.

"புயலு வந்தன்னிக்கு என் வாக்குதான் பலிச்சிதுன்னு இத வச்சிக்கினு மனசுக்குள்ள நானும் ஆடிட்டேன். நீயே வச்சிக்க. அடுத்த வருஷம் எண்ணணுமில்ல."

பாஞ்சாலி அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு வயலுக்குள் இறங்கினாள். தண்ணீர் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு, கதிர் தள்ளும் தூர்களுக்கு நடுவே மெல்லப் பரவியது. மார்கழிக் காலையில் அது சில்லென்று இருந்தது. அந்தக் குளிர்ச்சி எந்தக் கடலில் தொடங்கியதோ என்று நினைத்தபடி, தண்ணீர் கடைசி வரப்பைத் தொடும் வரைக்கும் அவள் அசையாமல் நின்றாள்.