அருஞ்சுனை எடுத்த மடிப்பிச்சை

பதினாறாம் நாள் காரியத்துக்கு இன்பராஜ் கல்யாண மண்டபம் பிடித்திருந்தான். வாசலில் அவனுடைய அப்பா அருஞ்சுனையின் படம் போட்ட பெரிய ஃபிளெக்ஸ். மேடையேறியவர்கள் எல்லாரும் ஒன்றையேதான் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அவ்வளவு பெரிய கடைக்கு முதலாளியாக இருந்தும் தலைக்கனம் இல்லாத மனுசர், கடைசி வரைக்கும் தனக்கென்று யாரிடமும் வாய் திறந்து எதையும் கேட்காதவர்.

அதைக் கேட்டதும் இன்பராஜ் தலை குனிந்துகொண்டான். அழுகிறான் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அருஞ்சுனை பிறந்தது திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கரிசல் ஊரில். மழை ஏமாற்றிய வருசத்தில் குடும்பம் பந்தல்குடிக்கு வந்து சேர்ந்தது. சைக்கிளில் ஊர் ஊராகப் போய் மல்லியும் வத்தலும் வாங்கி விற்றார். ரோட்டோரம் பெட்டிக்கடை வைத்தார். பிறகு அருப்புக்கோட்டை பஜாரில் மளிகைக்கடை போட்டார். எது வந்தாலும் அவருக்குத் திருச்செந்தூர் முருகன் கொடுத்ததுதான். குளித்துத் திருநீறு பூசாமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. சஷ்டிக்குப் பட்டினி. தை பிறந்தால் மாலை போட்டு, பச்சை வேட்டி கட்டி, செருப்பைக் கழற்றிவிடுவார். திருச்செந்தூருக்கு நடை கிளம்புவதற்கு முன்னால் துண்டை மடியாக ஏந்தித் தெருத் தெருவாக மடிப்பிச்சை எடுப்பார். கிடைத்த அரிசியைப் பந்தல்குடியில் கஞ்சி காய்ச்சி, அந்த வழியாக நடந்து போகிற பக்தர்களுக்கு ஊற்றுவார்.

மருமகள் ரேணுகாதேவி வந்த புதிதில் கேட்டுவிட்டாள். "கடையில மூடை மூடையா அரிசி கெடக்கே மாமா. அதுல எடுத்துக் காய்ச்சினா ஆகாதா?"

"அப்பறம் அது மொதலாளி ஊத்துற கஞ்சியாயிருமேம்மா" என்று சிரித்தார் அவர்.

இன்பராஜ் தலையெடுத்து, கடை ரெண்டு மாடியாகி, ஏசி போட்ட பிறகும் தை மாதம் அப்பா துண்டோடு தெருவில் இறங்குவது நிற்கவில்லை. அவனுக்கு அது முள்ளாக உறுத்தியது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தான், மகள் சுபத்ராவுக்கு விருதுநகரில் சம்பந்தம் பேசுகிற வரைக்கும்.

மாப்பிள்ளையின் அப்பாவைக் காரில் ஏற்றி, ஊரைக் காட்டிக்கொண்டு நெசவாளர் தெரு வழியாக வந்தான். ஒரு ஓட்டு வீட்டு வாசலில் பச்சை வேட்டியோடு ஒரு கிழவர் துண்டை ஏந்தி நின்றார்.

"அது உங்க அப்பா மாதிரி இருக்கே?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். இன்பராஜ் காரை நிறுத்தி இறங்கிப் போய், அப்பா கையிலிருந்த துண்டைப் பிடித்து இழுத்தான். அரிசி தெருவில் கொட்டியது.

"பிச்சையெடுத்துத்தான் என் மானத்த வாங்கணுமா? சோறு போடாமயா வச்சிருக்கேன் ஒங்கள?"

அந்த வீட்டுக்காரி சந்தனம்மாள் அப்போது படியில் அரிசி அள்ளிவர உள்ளே போயிருந்தாள். அருஞ்சுனை உட்கார்ந்து, மண்ணோடு அரிசியைக் கூட்டி அள்ளினார். நிமிர்ந்து மகனைப் பார்க்கவில்லை.

"சரிப்பா. வண்டியில ஆளு காத்திருக்கு. போ."

அதற்குப் பிறகு அவர் மாலை போடவில்லை, நடக்கவும் இல்லை. வீட்டிலேயே விளக்கேற்றிக் கும்பிட்டார். சுபத்ரா கல்யாணம் முடிந்து, அவளுக்குப் பிள்ளையும் பிறந்து, அவர் தொண்ணூறைத் தாண்டினார். அத்தனை வருசத்தில் ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்டு வாங்கியதில்லை. வைத்தால் சாப்பிட்டார். வைக்க மறந்தால் பேசாமல் இருந்தார். ஒரு தடவை காய்ச்சலில் உதடு வெடித்துக் கிடந்தபோது ரேணுகாதேவிதான் கவனித்தாள்.

"தாகம்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா மாமா?" என்று அழுதாள். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கொடுத்தார்.

இன்பராஜுக்குக் காரணம் தெரியும். வயசானால் அப்படித்தான் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டான்.

மண்டபத்தில் பந்தி முடிகிற நேரம் சந்தனம்மாள் அவனைத் தேடி வந்தாள். நன்றாகத் தளர்ந்திருந்தாள்.

"தம்பி, பெரியவுகளுக்கு அந்த முட்டி வலி கடேசி வரைக்கும் கேக்கவே இல்லையா?"

"எந்த முட்டி வலி?"

"அன்னைக்கு நான் படியில அரிசி கொண்டாரேன், அவுக தரையில குந்தியிருக்காக. என்ன அண்ணாச்சின்னு கேட்டேன். முட்டி மடங்கி விழுந்துட்டேன், அரிசி கொட்டிருச்சு, இனிமே நடக்க முடியாது தாயின்னாக. நான் தை மாசமானா ஒரு படி எடுத்து வச்சிக்கிட்டேதான் இருந்தேன். சரியாகி வந்துருவாகன்னு."

இன்பராஜுக்கு முகம் எரிந்தது. கொட்டியது யார் என்று சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான்.

"ஆமாம்மா. கேக்கவே இல்ல" என்றான்.

பின்னால் நின்ற ரேணுகாதேவி எச்சில் இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த தையில் ஒரு காலை அவன் குளித்துத் திருநீறு பூசினான். பச்சை வேட்டி கட்டத் துணிவு வரவில்லை, வெள்ளையே கட்டினான். துண்டை எடுத்துக்கொண்டு, காரைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு சந்தனம்மாள் வாசலில் போய் நின்றான்.

"அட, தம்பியா! வாசல்லயே நிக்கீகளே!" அவள் பிளாஸ்டிக் நாற்காலியைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டாள். "ஏ காளீஸ்வரி, மொதலாளி வந்திருக்காக. பால அடுப்புல வையி."

உட்கார்ந்தான். துண்டு கையில் இருந்தது. அக்கம்பக்கத்தில் ரெண்டு பேர் எட்டிப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

"என்ன வேணும் தம்பி, சொல்லுங்க."

தொண்டை வரைக்கும் வந்தது. ஒரே ஒரு வார்த்தைதான்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேம்மா" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

காபியைக் குடித்துவிட்டு எழுந்தான். தெருமுனை வரைக்கும் சந்தனம்மாள் கூடவே வந்து வழியனுப்பினாள்.

வீட்டில் ரேணுகாதேவி அவன் கையிலிருந்த வெறும் துண்டைத்தான் முதலில் பார்த்தாள்.

"போடலையா?"

"நான் கேக்கல" என்றான்.