கட்டின் மேலே கிடந்த பாடம்

ஏழாம் வகுப்பில் என்னை ஆங்கில வழிப் பிரிவில் சேர்த்தது அம்மாதான். ஏழாயிரம்பண்ணையில் எங்கள் தெருவில் அதுவரை யாரும் அப்படிச் சேர்ந்ததில்லை. அதே அரசுப் பள்ளி, அதே சத்துணவு. கணக்கும் அறிவியலும் மட்டும் திடீரென்று இங்கிலீஷ் பேசின. அப்பாவுக்கு இதில் விருப்பமில்லை.

“புள்ளைக்குப் புரியுற பாசையில படிக்கட்டுமே,” என்றார்.

“எங்க அண்ணன் மகனுக்கும் இப்படித்தான் சொன்னீக. காலேசுக்குப் போயி, இங்கிலீசைப் பார்த்து மிரண்டு, பாதியில வந்துட்டான்ல?” என்றார் அம்மா.

அறிவியல் எனக்கு அடியோடு விளங்கவில்லை. ஒளிச்சேர்க்கை எனக்குப் பழகிய சொல். அதுவே போட்டோசிந்தசிஸ் என்று வந்து நின்றபோது, இது யாரடா புதிதாக என்று முழித்தேன். அரையாண்டில் தேறாதவர்களைத் தமிழ்ப் பிரிவுக்கு அனுப்பிவிடுவேன் என்று ஆசிரியை சொல்லிவிட்டார். தமிழ்ப் பிரிவு எனக்குக் கசக்கவில்லை. தோற்றுப்போய் அங்கே போவதுதான் கசந்தது. எப்படியாவது தேறியே தீருவது என்று பிடிவாதம் வந்துவிட்டது.

தோழியிடம் தமிழ்ப் புத்தகம் வாங்கி வரட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

“அதைத் தொட்டேன்னா அப்புறம் இதைத் தொட மாட்ட,” என்றார். பேச்சு முடிந்தது.

அம்மா வீட்டிலிருந்தே பட்டாசுக் கம்பெனிக்குக் காகிதக் குழாய் சுற்றிக் கொடுப்பார். தாளைக் கம்பியில் உருட்டி, பசை தடவி, உருவிப் போட வேண்டும். மருந்து அடைப்பதெல்லாம் கம்பெனியில். குழாய்க்கான பழைய தாள் கட்டுக்கட்டாக வரும்: நோட்டு, விடைத்தாள், பள்ளிப் புத்தகம். எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் படித்து முடித்த பாடமெல்லாம் கடைசியில் தீபாவளிக்கு வெடிக்கும். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தாலே அம்மாவுக்குப் பொறுக்காது.

“ஏ புள்ள, இங்கன என்ன வேலை? போயிப் படி.”

ஒரு நாள் கட்டின் மேலேயே தமிழ்வழி அறிவியல் புத்தகத்தின் தாள்கள் கிடந்தன. வெப்பம் பற்றிய பாடம். வகுப்பில் அப்போது நடந்துகொண்டிருந்ததும் அதுதான். அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து எடுத்து, ஆங்கிலப் புத்தகத்துக்குள் செருகிக்கொண்டேன். இரண்டிலும் ஒரே வெப்பமானிப் படம். தமிழில் புரிந்துகொண்டு, கை வலிக்க வலிக்க ஆங்கிலத்தில் எழுதிப் பழகினேன். அடுத்த பாடத்துக்கும் தாள் கிடைத்தது. அதற்கடுத்ததற்கும். இருக்கன்குடி மாரியம்மன்தான் அனுப்புகிறாள் என்று முடிவுகட்டிவிட்டேன்.

அரையாண்டில் தேறினேன். “பார்த்தீகளா? இங்கிலீசுலயே படிச்சுட்டா,” என்று அம்மா அப்பாவிடம் பெருமையடித்தபோது சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன். அம்மாவை ஏமாற்றிவிட்ட சந்தோஷம்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், சாயங்காலம் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தேன். ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பும் படத்தின் மேல் பசை காய்ந்து கிடந்தது. பெருவிரல் ரேகை அப்படியே தெரிந்தது.

“என் புக்குல யாரும்மா பசையை அப்புனது?” என்று கத்தினேன்.

“காத்துல ஏதாச்சும் தாளு பறந்து வந்து ஒட்டியிருக்கும். அதுக்கு எதுக்கு இம்புட்டுச் சத்தம்?” என்றார் அம்மா, கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாத ஒருவர், படத்தை வைத்தே என் பாடத்தைத் தேடிப் பிடிக்க முடியும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. பசையைச் சுரண்டி எறிந்துவிட்டு, திருட்டுத்தனமாகத் தாள்கட்டை எட்டிப் பார்த்தேன். அதே கண்ணாடிப் படம், தமிழில், மேலாகவே கிடந்தது. மாரியம்மனுக்கு இன்னொரு கும்பிடு போட்டேன்.