அலியார் ஹாஜியாரின் றப்பர் வைத்தியம்

கராஜ் வைத்துப் பிழைக்கும் சகோதரர்களே, பழைய காரைத் திருத்துவது லேசு; அதன் சொந்தக்காரர் வீட்டில் வைத்துச் செய்த வைத்தியத்தைத் திருத்துவதுதான் பெரும்பாடு. நான் கடலோரக் கல்முனையில் கராஜ் நடத்திய அந்த எண்பதுகளில் ஜப்பான் வான்கள் புதிது புதிதாக வந்து இறங்கின. பழைய மொறிஸ் மைனர் காருக்குக் கதவு இடுக்கை அடைக்கிற ஒரு றப்பர் மட்டும் எங்கே தேடியும் கிடைக்காது. புடைவைக் கடை அலியார் ஹாஜியாரிடம் அப்படியொரு மொறிஸ் இருந்தது. ஊர்க் கல்யாணங்களுக்கு மாப்பிள்ளையை அதில் ஏற்றிப் போவதில் அவருக்குத் தனிப் பெருமை.

தேங்காயெண்ணெய்

ஒருநாள் காரைக் கொண்டுவந்தார். கதவு றப்பர்கள் ஊதி, நொளுநொளுத்து, தொட்டால் கையோடு பிய்ந்து வந்தன.

"என்ன பூசினீங்க ஹாஜியார்?"

"தேங்காயெண்ணெய்தான் பாஸ். காயாம இரிக்கட்டுமெண்டு."

எண்ணெய் பட்டால் றப்பர் கெட்டுப்போகும் என்று விளக்கினேன். அவர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். தலையில் பேருக்கு ஒரு முடி இல்லை. "சின்ன வயசிலிரிந்து எண்ட தலைக்கு இதத்தான் பூசுறன், என்ன கெட்டுப்போச்சு?" என்றார்.

பவுடர்

கழித்துப்போட்ட கார் ஒன்றிலிருந்து றப்பர் எடுத்துப் பொருத்தினேன். சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, கிளிசரின் தடவி, கதவோடு ஒட்டாமலிருக்க மேலே பவுடரும் தூவினேன். கடையில் கிடைத்தது மல்லிகைப்பூ வாசனை முகப்பவுடர்தான்.

மறுநாள் ஹாஜியாரைக் காரோடு கூட்டிக்கொண்டு அவருடைய மனைவி கராஜுக்கு வந்தார். "தம்பி, உள்ளதச் சொல்லுங்க. இவர்ர சட்டையில மணக்கிறது ஆர்ர பவுடர்?"

கார்க் கதவைத் திறந்து காட்டினேன். குனிந்து முகர்ந்து பார்த்தார். ஹாஜியார் "அல்ஹம்துலில்லாஹ்" என்று மூச்சு விட்டார். அவசரப்பட்டுவிட்டார்.

"காருக்குப் பவுடர் போடுற மனிசனுக்கு, எனக்கொரு டின் வாங்கித் தரத் தோணல்லயே!"

கறுப்புப் பெயின்ட்

அடுத்த கல்யாணத்துக்கு றப்பர் புதிதுபோல் மினுங்க வேண்டுமென்று, ஹாஜியார் என்னிடம் சொல்லாமலே கதவு றப்பர், கண்ணாடி றப்பர் எல்லாவற்றுக்கும் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டார். அது காயுமுன் மாப்பிள்ளையை ஏற்றி, கண்ணாடிகளை உயர்த்திக்கொண்டு, வெயிலில் ஊர்வலம் போனார். பெண் வீட்டு வாசலில் கார் நின்றது. ஒரு கதவும் திறக்கவில்லை. கண்ணாடியும் இறங்கவில்லை. கோலாட்டம்போல் கம்படித்து ஆடும் பொல்லடிச் சத்தத்தில் உள்ளே இருந்தவர்கள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

பெண்ணின் வாப்பா முகம் வெளிறிப்போய்க் கண்ணாடிப் பக்கம் குனிந்தார். "மகன், இறங்காம இரிக்கிறீங்களே, சீதனத்தில ஏதும் குறையா?"

ஒன்றும் கேட்காத மாப்பிள்ளை மரியாதைக்கு ஆமென்று தலையை ஆட்டினார். பொல்லடி நின்றுபோனது. பந்தலுக்குள் பெண்கள் குசுகுசுத்தார்கள். விருந்துக்குப் போயிருந்த நான், குசினியில் எடுத்த கத்தியும் சவர்க்காரத் தண்ணீருமாக ஓடிப்போய், இடுக்கெல்லாம் ஊற்றிக் கீறிக் கதவைப் பிரித்தேன்.

வியர்வையில் தோய்ந்து இறங்கிய மாப்பிள்ளையிடம் வாப்பா அதையே திரும்பக் கேட்டார். "குறை ஒண்டுமில்ல மாமா," என்றார் அவர், "காத்துத்தான் இல்ல."

கடற்காற்றுக்கு ஒரு றப்பரைக் கெடுக்க வருஷக்கணக்கில் ஆகும், சொந்தக்காரருக்கு ஒரு பின்னேரம் போதும்.