ஸ்டெல்லாவின் செருப்பு ஸ்டாண்டு

மஞ்சள் வார் வைத்த அந்தச் செருப்பை இரண்டு விரலால் தூக்கி, அதன் மூக்கு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு ஸ்டெல்லா விசில் ஊதினாள். செருப்புக்குச் சொந்தக்காரர் ராட்டினக் கப்பலின் கடைசி வரிசையில் மனைவியின் தோளில் கை போட்டுக்கொண்டு, இதெல்லாம் தனக்குச் சாதாரணம் என்பதுபோல் சிரித்துக்கொண்டிருந்தார். கப்பல் ஆடி நின்றது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து செருப்புக்குள் காலை நுழைத்தார். செருப்பு எந்தப் பக்கம் பார்த்ததோ அந்தப் பக்கமே நடந்துபோய்க் குழாயடியில் குனிந்தார்.

"பாத்தியாக்கா? நான் மட்டும் திருப்பி வெக்கலன்னா ஸ்டாண்டு மேலயே எடுத்திருப்பாரு" என்றாள் ஸ்டெல்லா.

யார் வாந்தி எடுப்பார்கள் என்பதை அவள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். மற்றவர்களுடைய செருப்பு எப்படிக் கிடந்தாலும் கவலைப்பட மாட்டாள். வாந்திக்காரர்களின் செருப்பை மட்டும் குழாய்ப் பக்கம் திருப்பி வைப்பாள். நான் பார்த்த வரையில் அவள் கணிப்பு தவறியதில்லை.

ஸ்டெல்லா என் தங்கை. ஹைதராபாத்துக்கு வெளியே, மேட்சல் தாண்டி, ராட்டினமும் நீர்ச்சறுக்கும் உள்ள ஒரு பெரிய பூங்காவில் வேலை. பெயரைப் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். ஆடும் கப்பலுக்கு ஆட்களை ஏற்றி இறக்குவது அவள் பொறுப்பு. எங்கள் அப்பா அரக்கோணத்திலிருந்து லாலாகூடா ரயில்வே பட்டறைக்கு வேலைக்கு வந்தவர். நாங்கள் பிறந்ததும் வளர்ந்ததும் மௌலா அலியில். நான் ஒன்பதாவதோடு நின்று தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பன்னிரண்டாவது முடித்தாள். எங்கள் வீட்டில் யூனிபாரம் போட்டு வேலைக்குப் போன முதல் பெண் அவள்தான். அந்த நீலச் சட்டையை அவள் தோளுக்குச் சரியாகப் பிடித்துத் தைத்தது நான். கம்பெனி கொடுத்தபடியே போட்டிருந்தால் பாய்மரம்போல இருந்திருக்கும்.

அவளுடைய வேலை பாதி வாயில் நடக்கிறது. தெலுங்கில் வரவேற்பாள், இந்தியில் எச்சரிப்பாள், இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்பாள். தமிழில் திட்டுவாள். "அய்யே, மூஞ்சப் பாரு, மோர் குடிச்ச பூனையாட்டம்" என்று அவள் சிரித்த முகத்தோடு சொல்ல, அதை வாழ்த்து என்று நினைத்து "தாங்க் யூ ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு. மடிமேல் கம்பியை இறக்கியதும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வது அவள் பழக்கம். அதைப் பார்த்து ஒரு குடும்பமே இறங்கிப் போய்விட்டது. மேலதிகாரி கூப்பிட்டுக் கண்டித்தார். அதிலிருந்து கையைச் சட்டைப் பைக்குள் விட்டு, உள்ளேயே சின்னதாகப் போட்டுக்கொள்கிறாள்.

பதினொரு வருஷமாகக் கப்பல் பக்கத்திலேயே நிற்கிறவள் ஒரு தடவைகூட அதில் ஏறியதில்லை. "நக்கோக்கா, வேணாம். எனக்கு ஊஞ்சலே ஆவாது. அது அந்தாண்ட போனா என் வயிறு இந்தாண்ட வரும்" என்பாள். மின்சார அறையில் பொத்தானை அழுத்தும் அப்துல் ரஹீம் பாய் எங்கள் பேட்டைக்காரர், ரயில்வே காலனித் தமிழ் பேசுவார். ஒவ்வொரு பண்டிகைக்கும் "இன்னிக்காவது ஒரு ரவுண்டு, சிஸ்டர்" என்று அவளை அழைப்பார். அவள் அவருக்கு பிளம் கேக் கொடுத்து வாயை அடைத்துவிடுவாள்.

பூங்காவைப் பற்றி ஊரில் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. சீசன் இல்லாத நாளில் போனால் காத்திருக்கவே வேண்டாம் என்று நினைக்கிறார்கள். மற்ற ராட்டினங்களில் அது சரியாக இருக்கலாம். கப்பலில் அப்படி இல்லை. பன்னிரண்டு பேர் இருந்தால்தான் அதை ஆட்டலாம் என்று விதி. மே மாதத்தில் கூட்டம் அலைமோதும்போது அரை மணியில் ஏறிவிடலாம். பள்ளிக்கூடம் திறந்து மழையும் பிடித்துக்கொண்ட பிறகு ஒரு புதன்கிழமை தனியாக வந்து நின்றால், மீதிப் பதினொரு பேர் வரும்வரை நிற்க வேண்டியதுதான். அப்படி ஒருவர் மத்தியானம்வரை நின்று, ஸ்டெல்லாவின் தயிர்சாதத்தில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, ஏறாமலே வீட்டுக்குப் போனார். "கும்பல் இருந்தா லைன் நகரும். ஆளே இல்லன்னா லைன் எங்க நகர்றது?" என்பாள் அவள்.

அதிலும் ஆஷாட மாதம் மகா மோசம். நம் ஆடி மாதிரியே தெலுங்கு வீடுகளில் புதுப் பெண்ணை அந்த மாதம் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கப்பலுக்கு முக்கியமான வாடிக்கையே புது ஜோடிகள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் போனாலுத் திருவிழா என்று ஊரே அம்மன் கோயிலுக்குப் போய்விடும். "பொண்டாட்டி இல்லாம எவன் கப்பல் ஏறுவான்? யார் கையப் புடிச்சிகினு கத்துவான்?" என்று ஸ்டெல்லா கேட்டது நியாயமாகத்தான் இருந்தது.

போன ஆஷாடத்தில் பூங்காவுக்குப் புது மேனேஜர் வந்தார். பெயர் விஸ்வநாத். அல்வாலில் வளர்ந்த தமிழ்ப் பையன். தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். ஆள் ஏறாத ராட்டினங்களை தசரா வரை தார்ப்பாய் போட்டு மூடப்போவதாகச் சொல்லிவிட்டார். கப்பலை மூடினால் ஸ்டெல்லாவை நீர்ச்சறுக்குக்கு நைலான் உடை வாடகைக்குக் கொடுக்கும் அறைக்கு அனுப்புவார்கள். ஜன்னல் கிடையாது. ஒரு சின்ன ஓட்டை வழியாக ஈரத் துணி உள்ளே வரும், காய்ந்த துணி வெளியே போகும்.

"அந்த ரூம்ல மனுஷங்க மூஞ்சியே தெரியாதுக்கா" என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து சொன்னாள். "வெறும் கைதான் தெரியும். கையப் பாத்து நான் இன்னா பண்றது?" அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில், "காலனில பழைய செருப்பு கெடைக்குமா?" என்று கேட்டாள்.

பறந்துபோன ஒரு செருப்பு பாப்கார்ன் சட்டியில் விழுந்ததிலிருந்து, கப்பல் வரிசைக்குள் நுழைகிறவர்கள் செருப்பை ஸ்டாண்டில் விட்டுவிட வேண்டும். அந்த ஸ்டாண்டைக் காலியாகப் பார்க்கிறவர்கள்தான் நிற்காமல் போகிறார்கள் என்பது அவள் கண்டுபிடிப்பு. செருப்பு நிறைய இருந்தால் உள்ளே கூட்டம் இருக்கிறது, கப்பல் இப்போதே கிளம்பிவிடும் என்று ஓடி வருவார்கள். காலனியில் வீடு வீடாகக் கேட்டு ஒரு கோணிப் பை நிறையச் செருப்புச் சேர்த்தோம். அறுந்த வாரைத் தைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, வெயில் வந்தபோதெல்லாம் காயவைத்து, ஜோடி மாறாமல் நூலால் கட்டிக் கொடுத்தேன். செய்கிற வேலையை அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது.

முதல் வாரம் நன்றாக நடந்தது. செருப்பைப் பார்த்து நாலு பேர் வந்தார்கள். நாலு பேரைப் பார்த்து எட்டுப் பேர் வந்தார்கள். கப்பல் ஆடியது. இரண்டாவது வாரம் ஒரு ஈ கூட வரவில்லை. ஸ்டெல்லா ஸ்டாண்டில் இன்னும் கொஞ்சம் செருப்பு வைத்தாள். அப்போதும் வரவில்லை. மீதியையும் கொட்டினாள். வந்த ஒன்றிரண்டு பேரும் தூரத்திலேயே திரும்பிப் போனார்கள்.

கடைசியில் மரக்குதிரை ராட்டினத்தில் நின்ற ஓர் அம்மாவிடம், "கப்பலுக்கு ஏம்மா வரல?" என்று தெலுங்கில் கேட்டாள். அந்த அம்மா, "வாசல் போர்டுல கப்பலுக்கு ஒன்றரை மணி நேரம்னு போட்டிருக்கே! மத்ததெல்லாம் அஞ்சு நிமிஷம்தான்" என்றாள்.

விஸ்வநாத் அந்த இரண்டாவது வாரம்தான் பூங்கா வாசலில் ஒரு பெரிய மின்சாரப் பலகை வைத்திருந்தார். எந்த ராட்டினத்துக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அதில் ஓடும். ஆபீசில் பத்மஜா என்ற பெண் கேமராவைப் பார்த்து நேரத்தைப் போடுவாள். கப்பல் வரிசை தகரக் கூரைக்கு அடியில் இருப்பதால் கேமராவுக்கு ஆட்கள் தெரிய மாட்டார்கள். அதற்குத் தெரிவது ஸ்டாண்டு மட்டும்தான். பத்மஜா பாவம், செருப்பை எண்ணி நேரம் போட்டிருக்கிறாள். ஸ்டெல்லா செருப்பைக் கூட்டக் கூட்ட வாசலில் நேரமும் கூடிக்கொண்டே போயிருக்கிறது.

ரஹீம் பாய் பொத்தான் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். "சிஸ்டர், ஆள் இல்லாமலே ஹவுஸ்ஃபுல் பண்ணிட்டீங்கோ!"

ஸ்டெல்லா ஒரு செருப்பு மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் கோணியில் அள்ளினாள். பலகையில் சைபர் நிமிடம் என்று வந்தது. அப்போதும் யாரும் வரவில்லை. "சைபருன்னா ரிப்பேருன்னு நெனச்சிக்கிறானுங்கக்கா" என்றாள். அதன் பிறகு குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி, ஒரு ஜோடி கூட்டியும் இரண்டு ஜோடி குறைத்தும் பார்த்து, பலகையில் பத்து நிமிடம் வருகிற அளவைப் பிடித்துவிட்டாள். பத்து நிமிடம் என்றால் ஜனங்கள் நம்புகிறார்கள். காத்திருக்க வேண்டியதும் இருக்கிறது, கிடைத்தும் விடும்.

அதற்குள் விஸ்வநாத் நாள் குறித்துவிட்டார். வெள்ளிக்கிழமை நேரில் வருவார். அவர் நிற்கும்போது கப்பல் ஒரு தடவை ஆடினால் ஓடட்டும், இல்லாவிட்டால் அன்றைக்கே தார்ப்பாய்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மழை. குடும்ப பாஸ் எடுத்துக்கொண்டு நானும் போயிருந்தேன். பூங்கா முழுக்கச் செம்மண் சேறு. மழை விட்டதும் ஸ்டெல்லா கப்பலின் இருக்கைகளைத் துடைத்துவிட்டு, கோணியிலிருந்து அளவாகச் செருப்பை எடுத்து அடுக்கினாள். கல்லூரிக்கு மட்டம் போட்ட பையன்கள் ஆறு பேர் வந்தார்கள். போவென்பல்லியிலிருந்து அப்பா, அம்மா, இரண்டு பெண்கள் என்று ஒரு குடும்பம் வந்தது. ஸ்டெல்லா என்னையும் பிடித்து நடு வரிசையில் உட்கார வைத்தாள். பதினொன்று. இன்னும் ஒரே ஓர் ஆள். வழக்கமாக ஓர் ஆள் குறைந்தால் ஏறிக்கொள்ளும் தோட்டக்காரர்கள் மழைக்கு வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து விஸ்வநாத் குடையோடு வந்து ஸ்டாண்டு முன்னால் நின்றார். மேல் தட்டில் எங்களுடைய சேறு அப்பிய செருப்புகள். கீழ்த் தட்டில் பளபளவென்று வேறு செருப்புகள். அதில் ஒன்றை எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்டெல்லா, ஹூஸ் இஸ் திஸ்?"

"கெஸ்டுங்களுது சார்."

"வேர் ஆர் தே?"

"எறங்கிப் போய்ட்டாங்க சார்."

"வெறுங்காலோடயா?" அவர் வாயிலிருந்து தமிழ் வந்து அன்றுதான் கேட்டேன்.

"வாந்தி அர்ஜென்ட் சார்."

அவர் செருப்பை மூக்கருகே கொண்டுபோனார். "சோப்பு வாசனை வருது. கழுவி வெச்சிட்டுப் போய் வாந்தி எடுத்தாங்களா?"

ரஹீம் பாய் தும்முவதுபோல் முகத்தை மூடிக்கொண்டார். நான் வானத்தைப் பார்த்தேன். விஸ்வநாத் செருப்பை எடுத்த இடத்திலேயே, அதன் ஜோடியோடு ஒட்டி வைத்தார். அவர் உதடு கொஞ்சம் கோணியதை நான் கவனித்தேன். ஆனால் கப்பலைப் பார்த்து எண்ணியபோது குரல் பழையபடி ஆகிவிட்டது. "ஒன்லி இலெவன். செருப்பு கவுன்ட் ஆகாது."

"நீங்க ஒருத்தர் ஏறினா சரியாப் பூடும் சார்."

"நோ, நோ. ஐ ஆம் ஆன் டியூட்டி" என்று சொல்லி அவர் இரண்டு அடி பின்னால் போனார். ஸ்டெல்லா அவர் முகத்தைப் பார்த்தாள், அவருடைய ஷூவைப் பார்த்தாள், பிறகு குழாயைப் பார்த்தாள். அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

"நீங்களே உக்காருங்கோ சிஸ்டர்" என்றார் ரஹீம் பாய். "கம்பிய நான் வந்து பாக்கறேன். பன்னெண்டு பேருன்னுதான் ரூல். யாருன்னு ரூல் இல்ல."

"நக்கோ பாய்! வாய மூடு!"

விஸ்வநாத் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தூரத்தில் இரண்டு பேர் பச்சைத் தார்ப்பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள்.

"பயமா ஆன்ட்டி?" என்று கப்பலிலிருந்து ஒரு பையன் கத்தினான். தெலுங்கிலும் அது அதே வார்த்தைதான். மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன் எழுந்து, போகலாம் வாங்கடா என்று நண்பர்களைக் கூப்பிட்டான்.

விசில் காதைக் கிழித்தது. "உக்கார்றா!" என்றாள் ஸ்டெல்லா, தமிழில். அவன் உட்கார்ந்துவிட்டான்.

அவள் படியில் அமர்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள். கையைச் சட்டைப் பைக்குள் விட்டு எடுத்தாள். ஷூவைத் தூக்கி மேல் தட்டில், எங்கள் சேற்றுச் செருப்புகளோடு வைத்துவிட்டுக் கப்பலை நோக்கி வந்தாள். பாதி வழியில் நின்றாள். திரும்பிப் போய், இரண்டு விரலால் அந்த ஷூவைத் தூக்கி, அதன் மூக்கு குழாய்ப் பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு வந்தாள்.