நாற்பது நெஞ்சுகள், ஒரு தகரப் பெட்டி

சென்சார் ஆராய்ச்சி என்றால் மூளை வேலை என்று நினைப்பீர்கள்; அதில் முக்கால்வாசி, ஒயர் எங்கே விட்டுப்போச்சு என்று தேடுவதும், "கொஞ்சம் பேசாம இருங்களேன்" என்று ஊரைக் கெஞ்சுவதும்தான். காதில் ஹெட்போன் மாட்டி, கையில் பேட்டரி தூக்கி அலைந்த சகோதர சகோதரிகளே, உங்களுக்குத்தான் இந்த வலி புரியும்.

பிளஸ் டூ வந்த புதிதில் அதை முடித்துவிட்டு ஆரணியில் சும்மா இருந்தேன். சும்மா என்றால், எல்லார் குரலிலும் பேசிக்கொண்டு. பங்குச் சாமியார் குரலில் கட்டளை போட்டு, ஒரே காலையில் மாதா கோயில் மணியை இரண்டு தடவை அடிக்க வைத்தது நான்தான். அப்போதுதான் மதராஸ் இன்ஜினியரிங் காலேஜ் ஒன்றிலிருந்து சார் ஒருவரும், அவரிடம் ஆராய்ச்சி செய்யும் குணா அண்ணனும் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். பெட்டியிலிருந்து ஒரு ஒயர். ஒயர் முனையில் நாலணா அளவுக்கு ஒரு வில்லை. எதன்மேல் ஒட்டினாலும் அதன் அதிர்வைக் கேட்கும். பெட்டி அதைக் கேசட்டில் பதியும், காகிதச் சுருளில் கோடாகவும் எழுதும். "தறியோ இதயமோ, தாளம் தப்பினா கண்டுபிடிக்கணும். அவ்வளவுதான்," என்பார் சார்.

பொங்கலுக்குள் நெசவாளர் வீட்டுப் பெண்கள் நாற்பது பேரின் இதய ஒலி வேண்டும். மதராஸில் ஒரு டாக்டரம்மா அவற்றைக் கேட்டு, "இதை வைத்து நோய் சொல்லலாம்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிவிட வேண்டியதுதான். குணா அண்ணனின் நாலு வருஷ உழைப்பும் அதோடு சரி. பெண்கள் நெஞ்சில் ஆண்பிள்ளைகள் வில்லை ஒட்ட முடியுமா? அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது.

பல்பு

முதலில் தறி. ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டில், நெசவாளர் கன்னியப்பன் அண்ணன் தறியில் வில்லையைக் கட்டினோம். நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் ஓர் இழை அறுந்தால், பெட்டி அந்தச் சத்தத்தைப் பிரித்துப் பார்த்து, சிவப்பு பல்பை எரிய வைக்க வேண்டும். சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது.

திடீரென்று கன்னியப்பன் அண்ணன் நெய்வதை நிறுத்தினார். குனிந்து, விரலால் எதையோ முடிந்தார். நிமிர்ந்து உட்கார்ந்து மறுபடி மிதியில் கால் வைத்தார். அப்போது பல்பு பளிச்சென்று எரிந்தது. குணா அண்ணன் துள்ளிக் குதித்துக் கைதட்டினார். கன்னியப்பன் அண்ணன் பல்பை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் எரியுது சார். இன்னா, நான் முடி போட்டப்புறம் எரியுது."

தெரு நின்ற கதை

நெஞ்சுப் பதிவுக்கு அமைதி வேண்டும். முள்ளிப்பட்டில் வீட்டுக்கு வீடு தறி. வில்லையை யார் நெஞ்சில் ஒட்டினாலும் பக்கத்து வீட்டுத் தறிதான் கேட்டது. குணா அண்ணன் வாசல் வாசலாகப் போய்க் கும்பிட்டார். "தோ, ஆச்சு சார்" என்பார்கள், நிற்காது.

நான் தெருமுனையில் ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று, அவர்களுக்கெல்லாம் பட்டும் வேலையும் கொடுக்கும் முதலாளியின் கட்டைக் குரலை எடுத்தேன். "இன்னாங்கடா சத்தம்? நிறுத்துங்கடா எல்லாத்தையும்!" தெரு அப்படியே அடங்கிப் போச்சு. ஒரே மூச்சில் ஆறு பேருக்குப் பதிவு முடிந்தது. ஏழாவது பதிவின்போது நிஜ முதலாளியே சைக்கிளில் வந்து இறங்கினார். நானே முந்திக்கொண்டு உண்மையைச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நான் சொன்னா ஒருத்தனும் நிறுத்த மாட்டான். நாளிக்கும் வந்து என் குரல்ல ரெண்டு வார்த்த பேசிட்டுப் போம்மா."

மாமியார் கோடு

தெருக்கோடி வீட்டு மருமகள் ஒருத்தி. வில்லை ஒட்டினேன்; காகிதத்தில் பேனா அழகாகக் கோலப்புள்ளி மாதிரி சமமாக எழுதிக்கொண்டே போனது. கொல்லைப்பக்கம் மாமியாரின் செருப்புச் சத்தம் கேட்டது. பேனா தடதடவென்று நெருக்கி எழுத ஆரம்பித்தது. மாமியார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பேனா பழையபடி நிதானமானது. கதவுக்கு வெளியே பெட்டியோடு உட்கார்ந்திருந்த குணா அண்ணன், "எந்திரம் கெட்டுப்போச்சா?" என்று பதறினார்.

மருமகள் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். எது எப்போது எழுதியது என்று என்னிடம் விரல் வைத்துக் கேட்டுக்கொண்டாள். பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்: "இந்த இடத்த மட்டும் கிழிச்சுக் குடுங்க, எங்க ஊட்டுக்காரருக்குக் காட்டணும்."

பதினேழாவது கேசட்

நாற்பதில் பதினேழாவது, கன்னியப்பன் அண்ணனின் மனைவி சரோஜா அக்கா. ஐந்து மாசம். நாடாவுக்கு நூல் தார் சுற்றும்போதே மூச்சு வாங்கும். ஹெட்போனில் அவர் நெஞ்சு மற்றவர்கள் மாதிரி இல்லை. லப், டப், பிறகு தூரத்தில் லாரி போவது போல ஓர் உறுமல். ஆளுக்கொரு குரல் இருப்பதுபோல ஆளுக்கொரு நெஞ்சு என்று நினைத்தேன், அவ்வளவுதான் என் வைத்திய ஞானம்.

கேசட்டுகள் மதராஸ் போவதற்கு முந்தின மத்தியானம், குணா அண்ணனை ஏமாற்றிப் பார்க்க ஆசை. வில்லையை என் தொண்டையில் ஒட்டிக்கொண்டு, உதட்டை மூடி, சரோஜா அக்கா நெஞ்சை அப்படியே செய்தேன். பேனாவும் அப்படியே எழுதியது. சந்தோஷம் தாங்கவில்லை. சுருளைக் கிழித்துக்கொண்டு திரும்பினால், பதிவுப் பொத்தான் அமுங்கியிருக்கிறது. உள்ளே ஓடுவது, பழகிப் பார்க்க நான் போட்டுக் கேட்ட சரோஜா அக்காவின் கேசட். அக்கா அழிந்துபோய் நான் இருந்தேன்.

சொன்னால் முப்பத்தொன்பது. மறுபடி எடுக்க நேரமில்லை, விடிந்தால் பஸ். வாயை மூடிக்கொண்டேன், என் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. குணா அண்ணன் கேசட்டுகளை எண்ணி, நியூஸ் பேப்பரில் சுற்றி, சணல் கட்டிவிட்டுச் சொன்னார்: "நாப்பதும் சரியா இருக்கு. நீ இல்லன்னா முடிஞ்சிருக்காது அமலி."

டாக்டரம்மா

பத்தாம் நாள் டாக்டரம்மாவே சாரையும், பெட்டியோடு குணா அண்ணனையும் கூட்டிக்கொண்டு காரில் வந்துவிட்டார். நேராகக் கன்னியப்பன் அண்ணன் வீடு. "பதினேழாம் நம்பர் நீங்கதானே? இதய வால்வு சுருங்கியிருக்குன்னு சத்தம் சொல்லுது. வயித்துல குழந்தை வேற. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்," என்றார். கன்னியப்பன் அண்ணன் தறியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சரோஜா அக்கா வயிற்றில் கை வைத்துக்கொண்டார்.

என் தொண்டைச் சத்தத்துக்காக ஒரு பிள்ளைத்தாச்சி பயப்படுவதா? "அது அவங்க இல்ல டாக்டர், நான்," என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சார் முகம் வெளுத்தது. ஒரு கேசட் பொய் என்றால் மற்றதை யார் நம்புவார்கள்? குணா அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை, அதுதான் தாங்கவில்லை.

"செஞ்சு காட்டு," என்றார் டாக்டரம்மா. செய்தேன். அவர் சரோஜா அக்காவை உள்ளே கூட்டிப்போய்ப் படுக்கவைத்து, ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். ரொம்ப நேரம். பிறகு அதைக் காதிலிருந்து எடுத்து, என்னை நிமிர்ந்து பார்த்தார்: "உறுமல் அப்படியே இருக்கு. ஆனா நீ கொஞ்சம் வேகமாப் பண்ணிட்டே."

சப்பு

பெட்டியை வைத்து அங்கேயே மறுபடி பதிந்தோம். இந்தத் தடவை பொத்தானைக் குணா அண்ணனே அமுக்கினார். மற்ற முப்பத்தொன்பதில் ஐந்தாறு பேரை டாக்டரம்மா தானே போய்ச் சோதித்தார். கேசட் சொன்னதும் அவர் காது சொன்னதும் ஒத்துப்போனது. குணா அண்ணன் பட்டம் பிழைத்தது. அன்றைக்கே அதே காரில் சரோஜா அக்கா வேலூர் போனார். வால்வைச் சரிசெய்தார்கள். சித்திரையில் பெண் குழந்தை.

பெட்டி மதராஸ் திரும்பிப் போயும் ரெண்டு வருஷம் ஆகிறது. இப்போது நான் படிக்கும் காலேஜ் லேபில் யாராவது ஒயர் ஒட்ட ஈயம் உருக்கினால், அந்த வாசனையில் எனக்கு முள்ளிப்பட்டுத் தெரு முழுக்கக் கேட்கும். பிள்ளையைப் பார்க்கப் போனபோது சரோஜா அக்கா விடவில்லை. நெஞ்சு இப்போது எப்படி இருக்கிறதென்று செய்து காட்டச் சொன்னார். காதை வைத்துக் கேட்டுவிட்டு, லப், டப், லப், டப் என்று செய்தேன். உறுமல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அக்கா உதட்டைப் பிதுக்கினார்: "இன்னாடி இது, ஒண்ணுமே இல்லாம சப்புனு கீது!"

சாரின் ஆராய்ச்சி அறிக்கையைப் போன மாசம் புரட்டிப் பார்த்தேன். விஞ்ஞானத்துக்கு நான் ஆற்றிய தொண்டு முழுவதும், பெயர் போடாமல், "பதிவாளர் தவறு" என்ற இரண்டே வார்த்தையில் அச்சாகியிருக்கிறது.