குமிழிக்கு வயது கூடியது

ஆய்வுக்கூடத்தில் அவளைக் குமிழியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வானத்தில் ஒரே ஒரு வாயுக் குமிழியைக் கட்டிக்கொண்டு மாரடிப்பவள் என்ற கிண்டல். அவள் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை.

அந்தக் குமிழியின் நடுவே பெருத்த நட்சத்திரம் ஒன்று இருக்கிறது. அதன் புற ஊதா ஒளி சுற்றியுள்ள ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெறிய, வாயு சூடேறி நாலாபக்கமும் விரிகிறது. போகிற வழியில் கிடக்கும் குளிர்ந்த வாயுவையும் நெட்டித் தள்ளிக்கொண்டே போகிறது. விளிம்பில் அது கெட்டியாகத் திரண்டு, தன் பாரமே தாளாமல் துண்டுதுண்டாக உள்ளுக்குள் சரிந்தால், புதிய பெரும் நட்சத்திரங்கள் பிறக்கும். இந்தக் குமிழியின் விளிம்பிலும் வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என இரண்டு இளம் நட்சத்திரங்கள் தெரிந்தன. இரண்டுமே குமிழியால் பிறந்தவை என்பது அவள் கட்சி.

அதைக் கட்டுரையாக எழுதி ஆய்விதழுக்கு அனுப்பியபோது முகத்தில் அடித்தாற்போலத் திரும்பி வந்தது. அந்த இரண்டையும் பிறப்பிக்கும் அளவுக்குக் குமிழிக்கு வயது போதாதாம். அந்த நேரம் பார்த்து மாமியார் படுக்கையில் விழ, வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தாள். மாமியாரின் காலத்துக்குப் பிறகு திரும்பி வந்தால், அவள் மேசையில் பிரிண்டர் உட்கார்ந்திருந்தது. நகர்த்தச் சொல்லக் கூசி, ஜன்னலோரம் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள்.

தொலைநோக்கியில் நேரம் கேட்டுத் துறைத் தலைவரிடம் போனாள். அது முடிந்துபோன கதையாயிற்றே என்றார் அவர்.

"முடிச்சது நாமதான் சார். சுத்தி இருக்கிற வாயு எவ்வளவு அடர்த்தின்னு அளக்கவே இல்ல, குத்துமதிப்பா ஒரு எண்ணைப் போட்டோம். அடர்த்தி அதிகம்னா குமிழி மெதுவாத்தானே விரிஞ்சிருக்கும்? அப்ப வயசும் கூடும்ல?"

அவர் பழைய கணக்கை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு நேரம் ஒதுக்கிக் கொடுத்தார்.

அளந்து பார்த்தால், வாயு நினைத்ததைவிடப் பல மடங்கு அடர்த்தி. குமிழியின் வயது ஏறியது. வடக்கு நட்சத்திரம் கணக்குக்குள் கச்சிதமாக வந்துவிட்டது. ஆனால் தெற்கே இருந்தது குமிழியைவிட மூத்ததாகவே நின்றது. அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கணவர் லாரி மெக்கானிக். விவரம் கேட்டுவிட்டு, "வடக்க இருக்கிறத மட்டும் எழுதிட்டுப் போயேன்" என்றார்.

"தெக்க இருக்கிறதும் அங்கதாங்க இருக்கு."

ஆய்வுக்கூடக் கூட்டத்தில், தெற்கில் தான் தோற்ற இடத்தைத்தான் முதலில் சொன்னாள். வடக்கின் கதைக்கு வந்தபோது யாரும் கிண்டல் செய்யவில்லை. இந்த முறை கட்டுரை ஏற்கப்பட்டது.

சேதி கேட்ட கணவர், "அப்ப தெக்க இருக்கிறது எப்படித்தான் பொறந்துச்சாம்?" என்றார்.

"தெரியலங்க" என்றாள். வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.