கண்ணை மூடிய வேன்காரி

பிரமிளாவுக்கு வாய்த்த வயிறு எதிரிக்கும் வாய்க்கக் கூடாது. மலேசியாவின் ஈப்போவில் பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றிப் போகிறவள் அவள். வயிறு முறுக்கிப் பிடித்தால் எந்தக் கடையில் தண்டாஸ் என்கிற கழிப்பறை திறந்திருக்கும் என்று கண் தேடும். புண்ணும் இல்லை, கட்டியும் இல்லை, இது ஐ.பி.எஸ். என்கிற குடல் எரிச்சல் கோளாறு என்றார்கள். எந்த மாத்திரைக்கும் கேட்கவில்லை.

கடைசியில் மருத்துவரே ஹிப்னோதெரபி என்கிற மனவசியச் சிகிச்சைக்கு அனுப்பினார். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. கண்ணை மூடி, வயிற்றின் மேல் கையை வைத்து, அந்தச் சூடு உள்ளே இறங்குவதாக நினைக்க வேண்டும். தூக்கமே கிடையாது, வெளியே மோட்டார் போகிற சத்தம்கூடக் கேட்கும். பழகுவதற்குக் குரல்பதிவும் தந்தார்கள். சில வாரங்களில் வயிறு சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தது.

வீட்டில் ஏது அமைதி? பள்ளி விடுவதற்கு முன், அதன் வாசலில் நிறுத்திய வேனிலேயே பழகினாள். இதைச் சரளாவிடம் மட்டும் சொன்னாள். சுங்காய் எஸ்டேட்டில் இவளோடு ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்தவள். அவளும் வேன் ஓட்டுகிறாள். ஒருத்திக்கு முடியாவிட்டால் மற்றவள் அவளுடைய பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்வாள்.

“நீ கண்ண மூடிக்கோலா. நான் பாத்துக்கிறேன். பெல் அடிச்சா கண்ணாடிய தட்டுறேன்,” என்றாள் சரளா.

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள்! ஒரு திங்கட்கிழமை காலை, முதலில் போன வீட்டில் பிள்ளை வெளியே வரவில்லை. அடுத்த வீட்டிலும் இல்லை. அதற்கடுத்த வீட்டில் பவித்ரனின் அம்மா தினேஸ்வரி, கேட்டைத் திறக்காமலே கைப்பேசியை நீட்டினாள். பெற்றோர் வாட்சாப் குழுவில் ஒரு படம்: ஸ்டியரிங்குக்குப் பின்னால் கண் மூடிச் சாய்ந்திருக்கும் பிரமிளா. இவளை யாரோ மயக்கி வைக்கிறார்கள், பிள்ளைகள் பத்திரம் என்று கீழே எழுதியிருந்தது.

“தப்பா நெனைக்காதீங்கக்கா. ஓட்டும்போது மயக்கம் வந்துட்டா? சரளாக்காதான் படத்த அனுப்புனாங்க. பிள்ளைங்கள அவங்களே ஏத்திக்கிறாங்களாம்.”

பிரமிளா வேனுக்குள் உட்கார்ந்து சரளாவை அழைத்தாள்.

“புள்ளைங்க விஷயம்லா, நான் என்ன பண்றது? நீ கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு,” என்றாள் சரளா. பாவி, குரலில் ஒரு தடுமாற்றம்கூட இல்லை.

பிரமிளா வாய்விட்டு அழுதாள். பிழைப்பு போனது ஒரு பக்கம். அந்தப் படத்தில் அவள் முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்தது. நம்பியவள் காவலுக்கு நிற்கிறாள் என்ற நிம்மதி அது.

அந்த வாரமும் சிகிச்சைக்குப் போனாள். “கண்ண மூடிக்குங்க,” என்றார் சிகிச்சை தருகிற அம்மா. மூடினாள். உடனே திறந்துகொண்டது. மறுபடி மூடினாள், ஜன்னலுக்கு வெளியே யாரோ நிற்பது போலிருந்தது.

“மேடம், கதவ பூட்டிட்டீங்களா?”

“பூட்டியாச்சும்மா.”

எழுந்து போய்த் தானே இழுத்துப் பார்த்தாள். பூட்டித்தான் இருந்தது. வயிறு முறுக்கத் தொடங்கியது.